பர்மனென்டா போறதுக்குச் சம்மதமா?

எனக்குச் சிரிப்பு வந்தால் சீக்கிரம் அடங்காது, மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கோளாறு உண்டு. துக்க வீட்டுக்குப் போனால் அம்மா என்னையும் அக்காவையும் அடுத்தடுத்து உட்கார விடமாட்டாள். பேச்சின் நடுவில் நான் சிரித்துவிட்டால் அலட்சியம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மடக்கு தண்ணீர் குடித்தால் நின்றுவிடும்.

மேட்டுக்கொல்லைச் செவ்வந்தி புகார் கொடுத்ததில் எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. நடுக்கோடு பொதுக்கொள்கை ஆய்வு மையம் தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளக் கூடாது என்று உங்களை வெளியிலிருந்து அழைத்திருக்கிறார்கள். சரியான முறை. எங்கள் மையம் யாரையும் சாராதது. ஒரு பெரிய முடிவு எடுப்பதற்கு முன்னால் ஜனங்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி சொல்வது எங்கள் வேலை. அந்த வேலையில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் சென்னைக்காரர் என்பதால் ஒரு வார்த்தையை மட்டும் விளக்க வேண்டும். நெய்வேலியில் ‘பர்மனென்ட்’ என்றால் மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், நிரந்தர வேலை. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, போனஸ், சீருடை, வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கும். மற்றவர்கள் கான்ட்ராக்ட். பெண் பார்க்க வந்தால் பையன் பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் ஒரு நாய்க்கு மட்டும் ஒரு வீட்டில் தினமும் சோறு வைப்பார்கள். அது பர்மனென்ட் நாய். மற்றதெல்லாம் கான்ட்ராக்ட் நாய். நான் சொல்லவில்லை, தெருவே அப்படித்தான் கூப்பிடும்.

என் அப்பா தலை நரைக்கும்வரை கான்ட்ராக்ட். ஷிப்ட் முடிந்து வந்தால் செருப்பிலிருந்து கரித்தூளைத் தட்டிக்கொண்டே, “இந்த வருசம் போட்ருவாங்கன்னு பேசிக்கிறாங்க” என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். போடவில்லை.

நடுக்கோட்டில் நானும் கான்ட்ராக்ட்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து. பகலில் கள ஆய்வாளன், சாயங்காலம் மொழிபெயர்ப்பு டிப்ளமா வகுப்பு. வகுப்பில் தினமும் ஒரு பக்கம் டைரி எழுதச் சொல்வார்கள். என் டைரியில் வாக்கியங்களைவிடக் கேள்விக்குறி அதிகம். கதவைப் பூட்டினேனா? அந்தப் பெரியவரிடம் மரியாதையாகப் பேசினேனா? ‘ஆகவே’ போட்ட இடத்தில் ‘ஆனால்’ போட்டிருக்க வேண்டுமோ? இப்படிப்பட்டவனை யாராவது குற்றவாளி என்பார்களா என்று எனக்கே சந்தேகம். அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

மேட்டுக்கொல்லை ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரே தெரு. மைன்ஸ் விரிவாக்கத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று ஊரின் வழியாக. இன்னொன்று மேற்கே கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு, செலவு அதிகம். ஊரில் பெரும்பாலானவர்கள் போக விரும்பாவிட்டால் காட்டு வழியையே எடுத்துக்கொள்கிறோம் என்று, எங்களிடம் ஆய்வு கேட்ட மைன்ஸ்காரர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கேட்டது நேர்மையான கேள்வி. ஊர் இருப்பதா, போவதா என்பது எங்கள் ஆய்வின் ஒரே ஒரு கேள்வியில் நின்றது. கேள்வி சென்னையில் ஆங்கிலத்தில் தயாரானது. இங்கே அதைத் தமிழாக்கியவன் நான்.

முதலில் நான் எழுதியது: ‘இவ்வூரிலிருந்து நிரந்தரமாக இடம்பெயர்ந்து செல்ல உங்களுக்குச் சம்மதமா?’ நல்ல வாக்கியம். முன்னோட்டத்துக்கு ஒரு டீக்கடையில் வாசித்துப் பார்த்தோம். நான்கு பேர் என் வாயையே பார்த்தார்கள். ஒருவர், “நியூஸ் படிக்கிறியா தம்பி?” என்றார். எங்கள் மேற்பார்வையாளர் சிவசங்கர் சார், “ஜனங்க பேசற மாதிரி மாத்துப்பா” என்றார். அவரும் குழுவில் இருந்த மற்றவர்களும் தெற்கத்திக்காரர்கள். உள்ளூர் ஆள் அறிவு என்கிற நான் மட்டும்.

மாற்றினேன். ‘பர்மனென்டா போறதுக்குச் சம்மதமா?’

எங்கள் மையத்தில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. தமிழாக்கிய கேள்வியை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்வார்கள். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் கேள்வி தேறியது. என் கேள்வி சென்னைக்குப் போய், நிரந்தரமாகப் போகச் சம்மதமா என்ற அர்த்தத்தில் அச்சு மாறாமல் ஆங்கிலமாகித் திரும்பி வந்தது. அந்த வருஷத்திலேயே மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு என்று பாராட்டு வேறு. அன்றைக்கு டைரியில் ஒரே ஒரு கேள்விக்குறிதான் போட்டேன்.

முதல் வீடு கலியம்மாள் வீடு. அறுபதைத் தாண்டியவர், களை எடுக்கப் போகிறவர். மகன் வேணு பண்ருட்டியில் ஒருவரின் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தம்மா முந்திரிக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கரி. நான் கேள்விகள் ஏற்றியிருந்த டேப்லெட்டைப் பார்த்து, எழுதியிருந்தபடியே வாசித்தேன்.

“பர்மனென்டா போறதுக்குச் சம்மதமாங்க?”

அவர் கையிலிருந்த கொட்டையைக் கீழே போட்டார். “யாரு, நானா?”

“ஆமாங்க.”

“எம் புள்ளைக்கில்லாம எனக்கே கேக்கறியா தம்பி? இந்த வயசுலயா?” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. “ஷூ குடுப்பாங்களா? எனக்குக் கால் பெருசு, இப்பவே சொல்லிட்டன்!”

அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மேடம். அவர் சிரிக்க நான் சிரிக்க, உள்ளேயிருந்து வேணு வந்து “இன்னாம்மா?” என்று கேட்க, “நம்மளப் பர்மனென்டா போடறாங்களாம்டா!” என்று அவர் சொல்ல, அவனும் சிரித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் “சம்மதம், சம்மதம், நூறு தடவ சம்மதம்” என்றார். டேப்பில் ‘ஆம்’ என்று ஒரு பச்சைப் பட்டன் இருக்கும். தொட்டேன்.

அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று அப்போது எனக்குத் தெரியுமா என்று கேட்கப்போகிறீர்கள். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் முதல் விதி: கேள்வியை எழுதியபடி வாசிக்க வேண்டும், விளக்கக் கூடாது. விளக்கினால் நம் கருத்து அவர்கள் பதிலில் ஒட்டிக்கொள்ளும், நடுநிலை போய்விடும். நான் விளக்கவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டேன்.

இரண்டாவது வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. மூன்றாவது வீட்டில் கேசரி கிளறியிருந்தார்கள். அந்த வாரம் மேட்டுக்கொல்லையில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. நாங்கள் தெருவில் நுழைந்தாலே, “எங்க வூட்டுக்கு எப்ப வருவீங்க?” என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நான் ‘பர்மனென்டா’ என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் ‘சம்மதம்’ வந்து விழுந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தா, “எனக்கு நைட் ஷிப்ட் மட்டும் வாணாம், சளி புடிக்கும்” என்றார். பலாப்பழம் வெட்டினார்கள். வேணு ஒரு தகரச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மைன்ஸில் ஹெல்மெட் போட்ட ஆபீசர் மாதிரி, தெருவில் இடுப்பில் கைவைத்து நடந்து காட்டினான். “ஏய் கான்ட்ராக்ட், தள்ளி நில்றா!” என்று மாட்டை அதட்டினான். ஊரே உருண்டது. நானும்தான்.

சிவசங்கர் சார் வாயில் கேசரியோடு சொன்னார்: “வீட்ட விட்டுப் போங்கன்னா எல்லா ஊர்லயும் அடிக்க வருவாங்க, அறிவு. இங்க விருந்து போடறாங்களே, எப்படி?”

“நல்ல ஜனங்க சார்,” என்றேன். அதுவும் உண்மைதான்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாளிலிருந்து நான் ஒன்று செய்தேன். ‘பர்மனென்டா’ என்ற வார்த்தைக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டேன். எழுத்து மாறவில்லை. மூச்சு மட்டும்தான். மற்ற ஆய்வாளர்களுக்கும், அப்படிக் கேட்டால் பதில் சீக்கிரம் வருகிறது என்று சொல்லிக்கொடுத்தேன். வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பது என் சுபாவம்.

செவ்வந்தி வீட்டில் மட்டும் கேசரி இல்லை. குள்ளஞ்சாவடியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை, என் வயதுதான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முந்திரிக் கொல்லை மட்டும்தான் அவர்கள் சொத்து. நான் வாசித்து முடித்ததும் திருப்பிக் கேட்டாள்.

“வேலைக்குப் பர்மனென்டாவா, ஊர வுட்டுப் பர்மனென்டாவா?”

“கேள்விய விளக்கக் கூடாதுங்க. எழுதியிருக்கறத வச்சு நீங்கதான் சொல்லணும்.”

“நீ நெய்வேலிக்காரன்தான?”

“ஆமாங்க.”

“அப்ப உனக்குத் தெரியும்,” என்றாள்.

டேப்பில் ‘பதில் இல்லை’ என்றும் ஒரு பட்டன் உண்டு. சாம்பல் நிறம். அதைத் தொட்டேன்.

அறிக்கை எழுதுவதற்கு முன்னால் முடிவுகளை ஊர் மக்கள் முன்னால் வைத்து, சரிதானா என்று கேட்பதும் எங்கள் மையத்தின் வழக்கம். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் பந்தலில் கூட்டம். இயக்குநர் ராஜாங்கம் சாரே வந்திருந்தார். டெல்லியில் வளர்ந்தவர், தமிழை மெதுவாகப் பேசினால் பிடித்துக்கொள்வார். வேகமாகப் பேசினால் நான் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்ல வேண்டும். ஊரில் அநேகமாக எல்லோரும் பர்மனென்டாகப் போகச் சம்மதித்திருக்கிறார்கள் என்று அவர் என் வாக்கியத்தையே மைக்கில் படித்தார். விசில் பறந்தது. யாரோ சரவெடி கொளுத்தினார்கள். சார் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். சந்தோஷம் சார், என்றேன்.

வெடி அடங்கியதும் செவ்வந்தி எழுந்தாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எங்களுக்கு வேல போட்டுத் தரப்போறீங்களா, இல்ல எங்க ஊர எடுத்துக்கப்போறீங்களா? இந்த ஜனங்க வேலன்னு நெனச்சிகினு சிரிச்சிகினு கெடக்குது.”

வேணு என்னைத்தான் பார்த்தான். அவன் லாரி வேலையை ஏற்கெனவே விட்டுவிட்டிருந்தான். கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, அதில் அவன் பெயருக்குக் கீழே பர்மனென்ட் என்று போட்டிருந்தது. “தம்பி, அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?” என்றார் கலியம்மாள், முன்வரிசையிலிருந்து. சிரித்த முகம் இன்னும் கலையவில்லை. கலைவதற்குத் தயாராக இருந்தது.

ராஜாங்கம் சார் குனிந்து, “அந்தப் பெண் என்ன கேட்கிறார்?” என்றார்.

மைக் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. எனக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். என்னை மேடையில் பார்க்க வேண்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இந்த ஆய்வு நன்றாக முடிந்தால் உன்னை நிரந்தரமாக்கிவிடலாம் என்று சிவசங்கர் சார் வரும் வழியில்தான் சொல்லியிருந்தார்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றேன். “அவங்களுக்குப் பர்மனென்ட் வேணாமாம்.”

மைக் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது.

அந்தச் சிரிப்பை உங்களுக்கு எப்படிச் சொல்வது. பந்தல் கால்கள் ஆடின. “ஏய் புள்ள, அப்ப உனக்குக் கான்ட்ராக்ட் மாப்பளையே பாக்கச் சொல்றோம்!” “விடுங்கப்பா, பொறாம!” அவள் அம்மாவே அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கலியம்மாள் சிரித்துச் சிரித்துப் பக்கத்திலிருந்தவர் மடியில் சாய்ந்தார். ராஜாங்கம் சாரும் புரியாமலே சிரித்தார். செவ்வந்தி மட்டும் தான் எழுந்து நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு வலித்தது. நல்ல வலி. சின்ன வயதில் அக்காவோடு சிரிக்கும்போது வருமே, அந்த மாதிரி.

அடுத்த மாதம் எனக்கு நிரந்தர நியமனம் வந்தது. அப்பா அதை வாங்கி, படிக்கத் தெரிந்தும் படிக்காமல், தலைகீழாகவே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அந்த நாய்க்கும் ஒரு துண்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியான நாள் வேறு இல்லை. அன்று இரவு டைரியில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. வேண்டுமானால் காட்டுகிறேன்.

மேட்டுக்கொல்லைக்கு லாரிகள் வந்த அன்று நானும் போயிருந்தேன். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆண்கள் தேய்த்த சட்டை போட்டிருந்தார்கள். வீட்டைக் கொடுத்தால் குவார்ட்டர்ஸும் வேலையும் வரும், இன்று சேரும் நாள் என்று நினைத்திருக்க வேண்டும். இழப்பீடு விதிப்படி கொடுக்கப்பட்டது, அதில் ஒரு குறையும் கிடையாது. புதுக் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. வேலை இல்லை. யாரும் வேலை தருவதாகச் சொல்லவில்லையே. அதை அவர்கள் புரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் முந்திரி மரங்கள் இருந்த இடத்தில் பள்ளம் வந்துவிட்டது. பெண் வீட்டார் பத்திரிகையைத் திருப்பி அனுப்பினார்கள். வேணு இப்போது குள்ளஞ்சாவடியில் யாருடைய ஷேர் ஆட்டோவையோ ஓட்டுகிறான். ஒருநாள் கை காட்டியபோது நிறுத்தினான். “ஏறு, பர்மனென்ட் சார்,” என்றான். நான்தான் சிரித்தேன்.

கலியம்மாள் தினமும் காலையில் மைன்ஸ் கேட்டுக்கு நடந்து போய், எப்போது ஷூ கொடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாட்ச்மேன்கள் நல்லவர்கள், டீ வாங்கிக் கொடுத்து ஆட்டோ ஏற்றி அனுப்புவார்கள். இதைக் கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கினேன். ஆண்கள் அளவு, அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். சரியாக இருந்தது. “வந்துட்டுதா!” என்றார். என் இரண்டு கன்னத்தையும் வழித்துத் திருஷ்டி கழித்தார். இப்போது கேட்டுக்குப் போவதில்லை. விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு, புதுக் குடியிருப்பு வாசலில் ஷிப்ட் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறார். பஸ் அந்த வழியில் வராது. ஆனால் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன்.

தெரியும், மேடம். முதல் வீட்டிலேயே தெரியும். அதற்கு முன்னாலும் தெரியும். டீக்கடையில் அந்த வார்த்தை வாயில் வந்தபோதே, இதை இந்த ஊரில் ஒருவரும் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். எனக்கே வேறு மாதிரி எடுத்துக்கொள்ளத் தெரியாதே. மேடையில் செவ்வந்தி கேட்டதைத் தெரிந்தே மாற்றிச் சொன்னேன். ஊர் போனது என்னால். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அத்தனை பேர் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் வந்திருக்கிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள். அந்த ஒரு வாரம் மேட்டுக்கொல்லையில் எல்லோரும் பர்மனென்ட். என் அப்பாவுக்குக்கூட அப்படி ஒரு வாரம் வாய்க்கவில்லை. யாராவது அதைக் கொடுக்கத்தானே வேண்டும்?

உங்கள் டேப்பிலும் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது, பார்த்துவிட்டேன். ‘நடந்ததற்கு வருந்துகிறீர்களா?’ ஆம், இல்லை, பதில் இல்லை. நானும் நேர்மையாகத்தான் சொல்ல நினைக்கிறேன். ‘வருந்துகிறீர்களா’ என்று எதை நினைத்துக் கேட்கிறீர்கள்? கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும்.

விளக்கக் கூடாது என்றால் பரவாயில்லை, மேடம். அந்தப் பச்சையையே தொட்டுவிடுங்கள்.